பகிர்வு மிதிவண்டியால் சூழலுக்கு மெய்யான பயன் கிடைக்கச் செய்வது எப்படி?

ஒரு நிலையத்தில் மிதிவண்டியை எடுத்து, வேண்டிய தொலைவு ஓட்டி, இன்னொரு நிலையத்தில் விட்டுச் செல்லும் பகிர்வு முறை இன்று உலகின் பல நகரங்களில் நடைமுறையில் இருக்கிறது. மிதிவண்டி புகை விடாது என்பதால், அது தெருவில் வந்து நின்றாலே நகரத்தின் காற்று தூய்மையாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஓடும்போது புகை இல்லை என்பது உண்மை. ஆனால் வண்டியைச் செய்வதற்கும், ஓரிடத்தில் குவிந்துவிட்ட வண்டிகளை வேனில் ஏற்றி வண்டியில்லாத நிலையத்தில் இறக்குவதற்கும், பழுதுபார்ப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. இந்தச் செலவை ஈடுகட்டி, அதற்கு மேலும் மிச்சம் பிடிக்க முடியுமா என்பது, எந்தப் பயணத்துக்குப் பதிலாக அந்த வண்டியை எடுக்கிறோம் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே, வண்டியை ஓட்டுபவர் என்ன செய்யலாம், தம் ஊரில் இத்தகைய திட்டம் வேண்டுமென்று கேட்கும் குடியிருப்போர் சங்கமோ கல்லூரியோ எதைக் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் இங்கே விளக்குகிறேன்.

எந்தப் பயணம் மாறுகிறது என்று முதலில் பாருங்கள்

லண்டன் நகரின் பகிர்வு மிதிவண்டித் திட்டம் 2010 ஜூலை 30 அன்று தொடங்கியது. மக்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆனால் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கு நடந்த பகிர்வு மிதிவண்டிப் பயணங்களில் சுமார் 2 சதவீதம் மட்டுமே காரில் போயிருக்க வேண்டியவை என்று காட்டியது. மற்றவர்கள் பெரும்பாலும் சுரங்க ரயிலையோ பேருந்தையோ நடையையோ விட்டு மிதிவண்டிக்கு வந்தவர்கள். நகரின் நடுப்பகுதியில் கார் ஓட்டுபவர்களே குறைவு என்பதால் இதில் வியப்பில்லை. அதைவிட முக்கியமான செய்தி, வண்டிகளை இடம் மாற்றி நிரப்புவதற்காக ஓடிய வேன்களின் கிலோமீட்டர், குறைந்துபோன கார்ப் பயணங்களின் கிலோமீட்டரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது என்பதே. அதே ஆய்வில், கார்ப் பழக்கம் மிகுந்த மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய ஆஸ்திரேலிய நகரங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பயணம் காருக்குப் பதிலாக நடந்தது.

இந்த எண்களைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. லண்டன் திட்டத்தால் உடற்பயிற்சியும் நேரச் சிக்கனமும் கிடைத்தன. நெரிசல் மிகுந்த சுரங்க ரயிலில் சற்று இடமும் கிடைத்திருக்கும். ஆனால் காற்றுக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதே நம் நோக்கமானால், நடந்து போகும் பத்து நிமிடத்தை மிதிவண்டியால் மாற்றுவதில் அது கிடைக்காது. எஞ்சினைக் கிளப்பியிருக்க வேண்டிய பயணத்தை மாற்றினால்தான் கிடைக்கும். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் குறுந்தொலைவுப் பயணங்களுக்குக்கூட பெட்ரோல் இருசக்கர வாகனத்தை எடுப்பதே வழக்கமாகிவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், நமக்கு இருக்கும் வாய்ப்பு லண்டனைவிடப் பெரிது என்றே நான் கருதுகிறேன்.

எனவே முதல் வேலையாக, ஒரு வாரம் நீங்கள் வீட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எதில் போனீர்கள் என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலில் 4 கிலோமீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் வண்டியிலோ ஆட்டோவிலோ தனி ஆளாக, கனமான சுமையில்லாமல் போன பயணங்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மிதிவண்டிக்கு உரியவை அவைதான். நடந்து போனவற்றை நடையிலேயே விட்டுவிடுங்கள்.

மிச்சத்தைக் கணக்கிடும் முறை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ, அதாவது 2,300 கிராம் கரியமில வாயு வெளிவரும். இந்த எண்ணை உங்கள் வண்டி ஒரு லிட்டருக்குத் தரும் மைலேஜால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். டேங்கை முழுமையாக நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நாள் ஓட்டியபின் மறுபடி முழுமையாக நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்கும் பழைய முறையே போதும். நிறுவனம் சொல்லும் மைலேஜை எடுத்துக்கொள்ள வேண்டாம். நகர நெரிசலில் அது கிடைப்பதில்லை. லிட்டருக்கு 46 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரானால் கிலோமீட்டருக்கு 50 கிராம். 15 கிலோமீட்டர் தரும் காரானால் சுமார் 150 கிராம். மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று கொண்டு, தங்கள் வண்டி ஒரு யூனிட்டில் ஓடும் தொலைவால் வகுக்க வேண்டும். பெரும்பாலும் 20 கிராமை ஒட்டி வரும். பேருந்து அல்லது நடைக்குப் பதிலாக மிதித்திருந்தால் பூச்சியம் என்று எழுதுங்கள். ஏனென்றால் நீங்கள் ஏறாவிட்டாலும் அந்தப் பேருந்து ஓடியிருக்கும்.

ஒருவர் 3 கிலோமீட்டரில் உள்ள அலுவலகத்துக்கு மாதம் 20 நாள் ஸ்கூட்டருக்குப் பதிலாகப் பகிர்வு மிதிவண்டியில் போய்வந்தால் 120 கிலோமீட்டர், அதாவது 6 கிலோ கரியமில வாயு மிஞ்சும். ஆண்டுக்கு 72 கிலோ. காராக இருந்தால் அதைப் போல் மூன்று மடங்கு.

இதிலிருந்து மிதிவண்டியின் சொந்தச் செலவைக் கழிக்க வேண்டும். சாதாரண மிதிவண்டி ஒன்றைச் செய்வதற்கு ஏறத்தாழ 100 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது என்று ஐரோப்பிய மிதிவண்டியாளர் கூட்டமைப்பின் கணக்கிலிருந்து கொள்ளலாம். பகிர்வு வண்டிகள் கனமானவை. பூட்டும் மின்னணுப் பெட்டியும் பொருத்தப்பட்டவை. பாரிஸ் நகரின் பகிர்வுத் திட்டமான வெலிப்பின் முதல் வண்டி ஏறத்தாழ 22 கிலோ எடை கொண்டது. ஆகவே அவற்றின் கடன், அதாவது ஓட்டத்தால் ஈடுகட்ட வேண்டிய தயாரிப்புச் செலவு, இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எளிமைக்காக 100 கிலோ என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வண்டி நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 2.5 கிலோமீட்டர் ஓடுகிறது. மொத்தம் 10 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஸ்கூட்டர் பயணத்தை மாற்றியது என்றால், நாளொன்றுக்கு மிச்சம் 2 கிலோமீட்டருக்கு உரிய 100 கிராம். வண்டியின் கடன் தீர 1,000 நாள், அதாவது மூன்று ஆண்டை நெருங்கும். பாதி ஓட்டம் ஸ்கூட்டருக்குப் பதிலாக நடந்திருந்தால் 400 நாளில் தீர்ந்துவிடும். இடம் மாற்றும் வேன்கள் குடிக்கும் டீசல் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

வண்டியின் ஆயுள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். இரண்டே ஆண்டில் குப்பைக்குப் போகும் வண்டி, முதல் கணக்கின்படி, கடனோடுதான் போகிறது. சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தயாரிப்பு முதல் பராமரிப்பு வரை எல்லாவற்றையும் சேர்த்து, சொந்த மிதிவண்டிக்குக் கிலோமீட்டருக்கு 20 கிராமுக்குக் குறைவாகவும், பகிர்வு மிதிவண்டிக்கு ஏறத்தாழ 60 கிராமாகவும், தனியார் பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 160 கிராமாகவும் வந்தது. சொந்த வண்டிக்கும் பகிர்வு வண்டிக்கும் இடையில் இத்தனை இடைவெளி வருவதற்குக் குறுகிய ஆயுளும் வேன் ஓட்டமும்தான் காரணம். சொந்தமாக நல்ல மிதிவண்டி வைத்திருப்பவர் அதையே ஓட்டுவது சூழலுக்கு மேலானது என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வண்டியைக் கொண்டுபோக முடியாத இடத்தில், குறிப்பாக ரயிலிலிருந்து இறங்கியபின், பகிர்வு வண்டி கைகொடுக்கும்.

நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருந்த வாடகை சைக்கிள் கடைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மட்கார்டில் எண் எழுதிய அந்த வண்டிகளுக்குக் கடைக்காரரே பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுப் பல ஆண்டுகள் ஓட்டினார். பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கும்வரை வண்டி சாகாது என்பதைப் புதிய திட்டங்களை வகுப்பவர்கள் அவர்களிடமிருந்து கற்க வேண்டும்.

எஞ்சின் சூடாகுமுன் முடிந்துவிடும் பயணங்கள்

கரியமில வாயுவை மட்டும் எண்ணினால் குறுந்தொலைவுப் பயணத்தின் கேடு முழுமையாகத் தெரியாது. இன்றைய பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற கருவி இருக்கிறது. அது ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே முறையாக வேலை செய்யும். வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் பெருமளவு அப்படியே வெளியேறுகின்றன. பால் வாங்கவும் பிள்ளையை டியூஷனில் விடவும் ஓட்டும் ஒன்றரை கிலோமீட்டர் பெரும்பாலும் இந்தச் சூடேறும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது; அந்தப் புகை நம் தெருவிலேயே, நாம் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தங்குகிறது. ஆகவே பகிர்வு மிதிவண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியவை, குளிர்ந்த எஞ்சினோடு தொடங்கி உடனே முடியும் இந்தச் சிறு பயணங்களே. இவற்றை மாற்றும்போது இரைச்சலும் குறைகிறது. மின்வாகனங்களாலும் முழுமையாகத் தவிர்க்க முடியாத டயர்த்தூளும் பிரேக்தூளும், எடை குறைந்த மிதிவண்டியால் மிகச் சிறிதாகவே உண்டாகின்றன.

அடுத்ததாக, மெட்ரோ அல்லது புறநகர் ரயில் நிலையத்தோடு இணையும் பயணங்கள். என் பார்வையில் பகிர்வு மிதிவண்டியின் மிகப் பெரிய சூழல் பயன் இங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து நிலையம் 1.5 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாலேயே, 12 கிலோமீட்டர் முழுவதையும் ஸ்கூட்டரில் கடப்பவர்கள் ஏராளம். அந்த ஒன்றரை கிலோமீட்டரை மிதிவண்டி தீர்த்துவைத்தால், மிச்சமாவது 75 கிராம் அல்ல, முழுத் தொலைவுக்கான 600 கிராம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ரயிலில் ஒருவர் கூடுதலாக ஏறுவதால் அதன் மின்செலவு சொல்லத்தக்க அளவு கூடிவிடாது. எனவே உங்கள் ஒரு வாரப் பட்டியலில் 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்களையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். இரு முனைகளிலும் நிலையத்துக்கு உள்ள தொலைவை அளந்து, எந்த முனையில் மிதிவண்டி கிடைத்தால் முழுப் பயணமும் ரயிலுக்கு மாறும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வழியைத் தேர்வதிலும் கவனம் தேவை. பிரதான சாலையை ஒட்டி ஓடும் உள்தெரு வழியாகச் சென்றால் சில நிமிடம் கூடினாலும், பேருந்து, லாரிகளின் புகையை நேரே இழுப்பது வெகுவாகக் குறையும். மிதிக்கும்போது மூச்சின் அளவு கூடுவதால் இது முக்கியம்.

எடுப்பதிலும் விடுவதிலும் கவனிக்க வேண்டியவை

எடுக்குமுன் பிரேக், டயர்க் காற்று, செயின், இருக்கை உயரம் ஆகியவற்றைப் பாருங்கள். காற்றில்லாத டயரில் ஓட்டினால் உழைப்பு கூடுவதோடு ரிம்மும் டயரும் விரைவில் கெடும். பழுதான வண்டியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதே நம் வழக்கம். அதற்குப் பதிலாகச் செயலியில் பழுதைப் பதிவுசெய்துவிட்டுப் போனால், சிறு பழுது பெரிதாகுமுன் சரிசெய்யப்படும். இருக்கையைப் பின்பக்கம் திருப்பி வைத்தால் வண்டி பழுது என்று பொருள்கொள்ளும் வழக்கத்தைப் பாரிஸ் மக்கள் தாமாகவே உருவாக்கிக்கொண்டார்கள்.

விடும் இடமே வேனின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. காலையில் எல்லாரும் ரயில் நிலையத்திலிருந்து அலுவலகப் பகுதிக்கும், மாலையில் எதிர்த்திசையிலும் ஓட்டுவதால், ஒரு பக்கம் வண்டிகள் குவிந்து மறுபக்கம் வெறுமையாகின்றன. பாரிஸில் இன்னொரு சிக்கல்: மோன்மார்த்ர் போன்ற மேட்டுப் பகுதிகளிலிருந்து இறக்கத்தில் ஓட்டி வருபவர் பலர், மிதித்து ஏற்றிக் கொண்டுபோய் விடுபவர் சிலர். அதனால் வெலிப் திட்டம், 60 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள நிலையங்களில் வண்டியை விடுபவருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவச நேரம் கொடுத்தது. நியூயார்க்கின் பகிர்வுத் திட்டமான சிட்டி பைக், வண்டி நிறைந்த நிலையத்திலிருந்து எடுத்து வெறுமையான நிலையத்தில் விடுவோருக்குப் புள்ளிகள் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. வேன் செய்ய வேண்டிய வேலையை மிதிப்பவர்களின் காலே செய்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் ஊரில் அத்தகைய சலுகை இல்லாவிட்டாலும், செயலியில் நிலையங்களின் நிலவரத்தைப் பார்த்து, சமதொலைவில் இரண்டு இருந்தால் நிரம்பிய நிலையத்திலிருந்து எடுங்கள், காலியான நிலையத்தில் விடுங்கள்.

நிலையமே இல்லாமல், எங்கு வேண்டுமானாலும் விடலாம் என்ற முறையின் விளைவை 2017, 2018 ஆண்டுகளில் உலகம் பார்த்தது. சீன நகரங்களில் தேவைக்கு மிஞ்சிக் கொட்டப்பட்ட லட்சக்கணக்கான வண்டிகள் திறந்தவெளிகளில் மலையாகக் குவிந்தன. சிங்கப்பூரில் ஓபைக் நிறுவனம் 2018 ஜூனில் திடீரென்று சேவையை நிறுத்தியபோது அதன் வண்டிகள் தெருக்களில் கேட்பாரற்று நின்றன. அதே ஆண்டில் அந்நாடு உரிம முறையைக் கொண்டுவந்தது. 2019 முதல், குறிக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்த பிறகே பயணத்தை முடிக்க வேண்டும், தவறினால் 5 சிங்கப்பூர் டாலர் கட்டணம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு கைவிடப்பட்ட வண்டிகளில் சுமார் பத்தாயிரத்தை மியன்மாரைச் சேர்ந்த தொழில்முனைவோர் ஒருவர் வாங்கி, பல கிலோமீட்டர் நடந்து பள்ளி செல்லும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். உருக்காலைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளுக்குப் புதிய ஆயுள் கிடைத்தது. நடைபாதையில், பார்வையற்றோரும் முதியோரும் செல்லும் வழியில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் போவதை எந்தச் சூழல் பயனைச் சொல்லியும் ஞாயப்படுத்த முடியாது.

மின்மோட்டார் பொருத்திய பகிர்வு வண்டி கிடைத்தால், சமதரையில் சாதாரண வண்டியையே எடுங்கள். மேம்பாலமோ ஏற்றமோ, கடும் வெயிலோ, அல்லது 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவோ உங்களை மறுபடி ஸ்கூட்டருக்குத் தள்ளும் என்றால் மின்வண்டியைத் தயங்காமல் எடுங்கள்.

உங்கள் ஊரில் திட்டம் வேண்டும் என்றால் கேட்க வேண்டியவை

மைசூருவில் 2017-இல் தொடங்கிய டிரின் டிரின் திட்டம் 450 மிதிவண்டிகளோடும் 48 நிலையங்களோடும் வந்தது. இந்திய நகரம் ஒன்றில் முறையான பகிர்வு முறை இயங்கும் என்று காட்டியதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் வண்டி ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து முறை ஓடினாலும் மொத்தம் 2,250 பயணம்தான். 2011 கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ ஒன்பது லட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்தின் காற்றை அது மாற்றிவிடாது. சிறிதாகத் தொடங்கிச் சிறிதாகவே நின்றுவிடும் திட்டம் எங்கும் பயன் தராது.

போக்குவரத்து, வளர்ச்சிக் கொள்கைக்கான நிறுவனமான ஐடிடிபி வெளியிட்ட திட்டமிடல் கையேடு இதற்குச் சில அளவுகளைத் தருகிறது: சதுர கிலோமீட்டருக்கு 10 முதல் 16 நிலையங்கள், அதாவது ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒன்று, திட்டப் பகுதி குறைந்தது 10 சதுர கிலோமீட்டர், ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 4 முதல் 8 பயணங்கள். மனு எழுதும்போது "எங்கள் பகுதிக்கு மிதிவண்டி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், மெட்ரோ நிலையம், கல்லூரி, அரசு மருத்துவமனை, சந்தை ஆகியவற்றை 300 மீட்டர் இடைவெளியில் இணைக்கும் வரைபடத்தை நீங்களே வரைந்து இணையுங்கள். ஒரு கார் நிறுத்தும் இடத்தில் ஏறத்தாழ பத்து மிதிவண்டிகள் நிற்கும் என்பதால், நடைபாதையைச் சுருக்காமல் சாலையோரக் கார் நிறுத்தத்திலிருந்தே அந்த இடத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் வசிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிடிமானம் உண்டு. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் மிதிவண்டியோருக்குமான கட்டமைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பான பாதை இல்லாத சாலையில், ஸ்கூட்டரை விட்டு யாரும் மிதிவண்டிக்கு வரப்போவதில்லை. ஆகவே நிலையங்களைக் கேட்கும் அதே மனுவில், அவற்றை இணைக்கும் சாலைகளில் இந்த நிதி எவ்வளவு செலவிடப்பட்டது என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்.

ஒப்பந்தம் போடுமுன் சேர்க்கச் சொல்ல வேண்டிய நிபந்தனைகளில் பின்வருபவை, சூழல் பயனை நேரடியாகத் தீர்மானிப்பவை. வண்டிகளை இடம் மாற்றும் வாகனங்கள் மின்சாரத்திலோ மிதித்தோ ஓட வேண்டும். அவை மாதந்தோறும் ஓடிய கிலோமீட்டரை வெளியிட வேண்டும். உதிரிப்பாகங்கள் உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பவையாக இருக்க வேண்டும்; பழுதுபார்க்கும் பணியை உள்ளூர் சைக்கிள் கடைக்காரர்களுக்குத் தர வேண்டும்; நிறுவனம் விலகினால் வண்டிகளை என்ன செய்வது என்பதற்கு முன்பணம் கட்ட வேண்டும். பயணத் தரவு, ஓட்டுபவரின் அடையாளம் நீக்கப்பட்டு, பொதுவில் கிடைக்க வேண்டும். லண்டனும் நியூயார்க்கும் அவ்வாறு வெளியிடுவதால்தான் வெளியில் இருப்பவர்கள் அந்தத் திட்டங்களைச் சரிபார்க்க முடிகிறது.

தரவு கிடைத்ததும் ஒரு மாதத்தின் மொத்தப் பயணங்களை வண்டிகளின் எண்ணிக்கையாலும், பிறகு நாள்களின் எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். நான்குக்குக் கீழே வந்தால் வண்டிகள் தேவைக்கு மிஞ்சியிருக்கின்றன அல்லது நிலையங்கள் தவறான இடத்தில் இருக்கின்றன. அதோடு நிலையங்களில் நின்று, வண்டியை விட வருபவர்களிடம் "இந்தச் சைக்கிள் இல்லையென்றால் இன்று எதில் வந்திருப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலை, மாலை, விடுமுறை நாள் என்று பிரித்து நூறு பேரிடம் கேட்டால், மேலே சொன்ன கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு என்றோ பாதி என்றோ ஊகித்த இடத்தில் உங்கள் ஊரின் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.